நாலாவது பந்து

“முதுகக் காட்டிக்கிட்டு நின்னா அந்தப் பொண்ணு. பந்து வர்றத அவ பாக்கவே இல்ல. காதால கேட்டா, குதிகாலால தடுத்தா. ஒரு பந்து ரெண்டு பந்து இல்ல, ஒரே பெனால்டி கார்னர்ல பதினோரு பந்து. கடைசிப் பந்து அவ கால்ல பட்டுத் திரும்பிப் போன வேகத்துல, அடிச்சவளோட ஸ்டிக் ரெண்டாப் பொளந்துருச்சு.”

சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கோப்பிக்கடையில் மோகனராஜ் இதைச் சொல்லி முடித்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடைக்காரர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. புரட்டாசியில் இந்த ஹாக்கிக் கதை முதன்முதலாக வந்தபோது பந்து ஐந்து. தீபாவளிக்கு ஏழு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒன்பது. இப்போது பதினொன்று. தைப்பூசத்துக்குள் அந்தப் பெண் பந்தை விழுங்கிவிடுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

“ஸ்டிக் உடைஞ்சது புதுசு மோகன்,” என்றார் எதிரே இருந்த கதிர்காமநாதன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். “போன கிழமை உடையேல்லை.”

“போன வாரம் அடக்கமா சொன்னேன் கதிரண்ணே.”

“நான் நம்பமாட்டன்.”

கதிர்காமநாதன் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டுப் பேச்சு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதற்கு முன் கையை வெளியே நீட்டிப் பார்க்கிற மனிதர். அவர் ஒரு விஷயத்தை ‘ஓம்’ என்றால் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. கல்யாணம் பேசப் போகிறவர்கள்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மோகனராஜ் சொல்வதை அதே ஆட்கள் எட்டால் வகுத்து, மிச்சத்தில் பாதியை நம்புவார்கள்.

மோகனராஜுக்கு இதில் வருத்தம் கிடையாது. பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் காலமெல்லாம் சூப்பர்வைசராக இருந்தபோது, ஒரு சின்னத் தவறைக்கூட உள்ளபடியே எழுதி எழுதி மனிதருக்கு உண்மை அலுத்துப்போயிருந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் பொய்யைத் தொடங்கினார் என்று சொல்ல முடியாது. உண்மையைக் கொஞ்சம் சாப்பிட வைத்து வளர்த்தார். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பினாங்கு மகளிர் ஹாக்கி அணிதான் அவருக்கு உத்தியோகம். கோப்பிக்கடை மேசையில் சில்லி சாஸ் பாட்டில் நடு ஆட்டக்காரி, சர்க்கரை டப்பாக்கள் தற்காப்பு, பால் டின்தான் கோல்கீப்பர். யாரை எடுக்கவேண்டும், யாரை அனுப்பவேண்டும் என்று தினமும் காலையில் அணியைக் கலைத்து அடுக்குவார். கடைக்காரர் வந்து சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு போனால், “லெஃப்ட் பேக் காயம்” என்று ஆட்டத்தைத் தொடர்வார்.

இந்த ஆண்டு அவருக்கு ஒரே ஒரு கவலை. அந்த லீக்கில் ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் டிராஃப்ட் நடக்கும். பொதுப் பட்டியலில் இருக்கிற இளம் பெண்களில் ஒரு அணி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துப் பெயரை அனுப்பவேண்டும். இருபத்துமூன்று வயது தாண்டிவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரும் தனுஜாவுக்கு இது கடைசி ஆண்டு. பேக்டரி பஸ்ஸில் வந்து, ஷிப்ட் முடித்து, தூக்கமில்லாத கண்ணோடு கோல் காவலுக்கு நிற்கிற பெண். குள்ளம். வீடியோ கிடையாது. சிபாரிசு கிடையாது. பினாங்கு இவளை எடுக்காவிட்டால் பந்து தடுக்கும் தடித்த காலுறையைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு, ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டியதுதான்.

அவள் நான்கு பந்தைத் தடுத்ததும், நாலாவதை முதுகைக் காட்டிக்கொண்டு தடுத்ததும் உண்மை. மோகனராஜ் கண்ணால் பார்த்தார். இன்னொருவரும் பார்த்தார். மைதான வாசலில், குச்சியில் கோத்துச் சாத்தே சுடுகிற அடுப்புப் பக்கத்தில், வாய் நிறைய இறைச்சியோடு நின்றுகொண்டு பார்த்தார். அது கதிர்காமநாதன்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. கதிர்காமநாதன் சனி பகவானுக்கு எள் விளக்கு வைக்கக் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்த மாதம் முழுக்கத் தன் வீட்டுக் கத்தியில் வெங்காயம் நறுக்குவதற்கே யோசிக்கிற கனகேஸ்வரி அக்காவின் கணவர் அவர். மோகனராஜைப் பார்த்ததும் குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த ஆட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் அவர் ‘நடக்கவில்லை’ என்று சொன்னதில்லை. பொய் சொல்லமாட்டார். ‘நான் நம்பமாட்டன்’ என்று மட்டும் சொல்வார்.

மோகனராஜும் இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினார் என்பது அவருக்கே ஆச்சரியம்.

டிராஃப்டுக்குப் பெயர் அனுப்பவேண்டிய நாள் பிற்பகல், அவர் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ஒன்பதாவது மாடியில் லிஃப்டுக்குள் காலை வைத்தார். உள்ளே, கையில் ஒரு பொட்டலத்தோடு அப்துல் ஹமீது நின்றுகொண்டிருந்தார். பினாங்கு மகளிர் அணியின் மேனேஜர். பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் தங்கை ருக்கையாவைப் பார்க்க வரும்போதெல்லாம் மோகனராஜுக்குப் பயந்து படியில் ஏறி இறங்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். இன்று முழங்கால் வலியால் லிஃப்டில் வந்திருந்தார். கதவை மூடும் பொத்தானை அவர் அழுத்தியது மோகனராஜுக்குத் தெரிந்தது. பொத்தான் வேலை செய்யவில்லை.

“தம்பி,” என்றார் மோகனராஜ், தேனில் விழுந்தவர் போல.

“அண்ணே,” என்றார் ஹமீது, கிணற்றில் விழுந்தவர் போல.

ஏழாவது மாடியில் கதவு திறந்தது. கதிர்காமநாதன் ஏறினார். கனகேஸ்வரி வாசல்வரை வந்து, “இஞ்சாருங்கோ, தேங்காய்ப்பால் மறந்திடாதேங்கோ,” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு மூடியது. லிஃப்ட் ஓர் ஆள் உயரம் இறங்கியது. இருமியது. நின்றது. விளக்கு பாதியாகக் குறைந்தது, மேலே இருந்த காற்றாடி இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஓய்ந்தது.

அந்த லிஃப்ட் மூன்று பேர் கொள்ளும் என்று எழுதியிருந்தது. எழுதியவன் மூன்று கொக்கை நினைத்து எழுதியிருக்கவேண்டும். ஹமீதின் தோள் மோகனராஜின் மார்பில் இடித்தது. கதிர்காமநாதனின் குடைக் கம்பி யாருடைய விலாவிலோ இருந்தது. சற்று நேரத்தில் சுவர்கள் வியர்த்தன, பிறகு மனிதர்கள் வியர்த்தார்கள், அதற்கப்புறம் எது யாருடைய வியர்வை என்று தெரியவில்லை. ஹமீதின் பொட்டலத்திலிருந்து வாசனை கிளம்பியது. ருக்கையா கட்டிக்கொடுத்த சாத்தே. மைதான வாசலில் சாத்தே சுடுவதும் அதே ருக்கையாதான்.

கதிர்காமநாதன் மூக்கைத் திருப்பிக்கொண்டார். திருப்ப இடம் இல்லாததால் அது மோகனராஜின் முகத்துக்கு நேரே வந்தது. இருவரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கதவின் மேல் விளிம்புக்கும் ஏழாவது மாடித் தரைக்கும் நடுவே, கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியாகக் கனகேஸ்வரியின் செருப்பு தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய குரலும் வந்தது.

“லிஃப்டுக்காரனுக்குப் போன் பண்ணியாச்சு. அவன் அக்கரையில நிக்கிறானாம். பாலத்துல ஜேமாம். ஆறு மணி ஆகுமாம்.”

“ஆறா?” ஹமீது கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். கூரைக்குக் காட்டினார், தரைக்குக் காட்டினார், கதிர்காமநாதனின் அக்குளுக்குள்ளும் ஒருமுறை காட்டினார். சிக்னல் இல்லை. “அஞ்சு மணிக்குள்ள டிராஃப்ட் பேரு அனுப்பணும்லா. அனுப்பலன்னா நமக்கு ஆளே கிடையாது.”

“யாரு பேரு?” என்றார் மோகனராஜ்.

“அண்ணே, வேணாம்.”

“சும்மா கேக்கறேன் தம்பி. உன்ன விட்டா இங்க யாரு இருக்கா?”

“ஈப்போப் பொண்ணு. ஆறடி. நேர்ல போயும் பாத்துட்டேன். வீடியோ இருக்கு.”

கனகேஸ்வரி மேலேயிருந்து சொன்னாள். “தம்பி, அனுப்பவேண்டிய பேரையும் நம்பரையும் சொல்லுங்கோ. நான் இங்கயிருந்து அனுப்புறன். எனக்கு இங்க நாலு கோடு காட்டுது.”

ஹமீது பெருமூச்சு விட்டார். நம்பரைச் சொன்னார். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபோது மோகனராஜ் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வீடியோவக் காட்டு.”

“அண்ணே, நாலரை மணி.”

“ஓடிப்போக இடம் இருக்கா உனக்கு? காட்டு.”

ஹமீது காட்டினார். பாட்டோடு ஓடியது. ஈப்போப் பெண் தாவினாள், பந்து காலுறையில் பட்டது. தாவினாள், பந்து கையுறையில் பட்டது.

“நிறுத்து. இந்தப் பந்து கால்ல பட்டு எங்க போச்சு?”

“வீடியோ அங்க வெட்டிருக்கு.”

“அடுத்தது போடு. இது எங்க போச்சு?”

ஹமீது திரையைத் தள்ளினார். அடுத்ததைப் போட்டார். அதற்கடுத்ததைப் போட்டார். முகம் மெல்ல மாறியது. ஒவ்வொரு பந்தும் ஒருமுறை தடுக்கப்பட்டது, அத்தோடு படம் முடிந்தது. திரும்பி வரும் பந்து ஒன்றுகூட அந்த வீடியோவில் இல்லை. பினாங்கு போன சீசனில் அரையிறுதியில் தோற்றது திரும்பி வந்த பந்தில்தான். அதை ஹமீதுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் மூன்று நாள் மீ கோரெங் நூடுல்ஸைக்கூடத் தொடவில்லை என்று ஊரே பேசிக்கொண்டது.

“சரி,” என்றார் ஹமீது, குரலைத் தணித்து. “உங்க பொண்ணு திரும்பி வர்ற பந்துக்கு என்ன செய்வா?”

மோகனராஜ் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி இதுதான். அணியின் மேனேஜர், ஓட முடியாமல், காதைக் கொடுத்துக்கொண்டு, அவரிடம் கேட்கிறார். அவர் மார்பை விரித்தார். விரிக்க இடமில்லை.

“ஒரே கார்னர்ல பதினோரு...”

ஹமீது சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. அதனால் அதிகமாக வலித்தது. “தீபாவளிக்கு ஏழுன்னீங்க அண்ணே. நான் தங்கச்சி வீட்டுப் பலகாரத்தோட கேட்டேன்.”

அப்போதுதான் மோகனராஜுக்கு லிஃப்ட் உண்மையிலேயே சிறியதாகிவிட்டது. கதவு ஒரு பக்கம் நெருக்கியது, அவர் சொன்ன கதைகள் மறுபக்கம் நெருக்கின. இத்தனை மாதமும் தானே கல்லடுக்கிக் கட்டிய சுவர் இது. தனுஜா அதற்கு அந்தப் பக்கம், காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“நாலு,” என்றார்.

“என்ன?”

“பதினொண்ணு இல்ல. நாலு.”

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வேட்டி இல்லாமல் வெளியே வந்தது போல இருந்தது. உண்மையைச் சொல்லும்போது அது அவருக்கே பொய்யாகக் கேட்டது. ஆனாலும் சொன்னார். முதல் பந்தைக் காலுறையில் தடுத்தாள். திரும்பி வந்ததை ஸ்டிக்கால். மூன்றாவது, விழுந்து கிடந்தபோது கையுறையில் பட்டு, அவள் தலைக்கு மேலே எகிறிக் கம்பத்தில் மோதியது. பந்து பின்னால் கிடக்கிறது என்று நினைத்து எழுந்து திரும்பினாள். பந்து அதற்குள் வெளியே தெறித்து, அடிப்பவளின் ஸ்டிக்குக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அடித்த சத்தம் கேட்டது. தனுஜா திரும்பவில்லை. திரும்ப நேரமில்லை. குதிகாலைப் பக்கவாட்டில் நீட்டினாள். பட்டது.

“அம்பயர் விசில் ஊத மறந்து நின்னுட்டாரு,” என்றார். பிறகு, “இல்ல. ஊதினாரு. அது நான் சேத்தது,” என்றார்.

ஹமீது கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவரைப் பார்த்தார். அவர் அப்படித் திருத்திக்கொண்டதை யாரும் அதுவரை கேட்டதில்லை.

“என்னிக்கு நடந்துச்சு?”

“புரட்டாசியில. பயிற்சி ஆட்டம். சனிக்கிழமை.”

“நான் அன்னிக்கு ஈப்போவுல இருந்தேன், இந்தப் பொண்ணப் பாக்க.” ஹமீது நெற்றியைத் துடைத்தார். “அண்ணே, எனக்கு நம்பணும் போலதான் இருக்கு. ஆனா நாளைக்கு கமிட்டி கேக்கும். ஆறடி ஆள விட்டுட்டு இவள எதுக்கு எடுத்தேன்னு. மோகனராஜ் சொன்னாருன்னு சொன்னா என்னையும் சேத்து அனுப்பிடுவாங்க. வேற யாரு பாத்தா? ஒரு ஆள் சொல்லுங்க. ஒரே ஒரு ஆள்.”

பொட்டலத்திலிருந்து நிலக்கடலைச் சாற்றின் வாசனை இன்னும் ஒருமுறை எழுந்தது.

மோகனராஜ் வாயைத் திறந்தார். பெயர் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரே சொல். ஆனால் மேலே இடைவெளியில் அந்தச் செருப்புகள். அவர் சொன்னால் அக்கா நம்புவாளா? ‘மோகன் கதை விடுறான்’ என்பாள். நம்பினாலோ, அந்த வீட்டில் அடுத்த புரட்டாசிவரை அடுப்பு பேசாது. எப்படிப் பார்த்தாலும் சொல்வது வீண், சொல்லாததும் வீண். மணி ஐந்தை நெருங்கியது. கதிர்காமநாதன் குடைப் பிடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனராஜ் வாயை மூடினார்.

அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. அவர் தூங்கும்போதுகூட முழுதாக மூடியதில்லை என்று அவர் மனைவி ரமணி சத்தியம் செய்வாள்.

“யாரும் இல்லையா?” என்றார் ஹமீது.

மோகனராஜ் தரையைப் பார்த்தார்.

“அப்ப சரி.” ஹமீது முகத்தை இடைவெளிப் பக்கம் தூக்கினார். “அக்கா, பேரு எழுதிக்கிறீங்களா?”

“சொல்லுங்கோ தம்பி.”

“பொறுங்கோ,” என்றார் கதிர்காமநாதன்.

குரல் கிளார்க்குடையதாக இல்லை. வறண்டிருந்தது. அவர் மோகனராஜைப் பார்த்தார். மோகன் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை; இத்தனை மாதமும் கோப்பிக்கடையில் எல்லாரும் சிரித்தபோதும் சொல்லவில்லை. அது அந்த முகத்தில் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“அந்தப் பிள்ளையின்ர பேரை அனுப்பு ஹமீது. தனுஜா.”

“நீங்க நம்பமாட்டேன்னு சொன்னீங்களே சார்.”

“நம்பிறதுக்கு என்ன கிடக்கு? நான் கண்டனான்.”

மேலே செருப்புகள் அசைந்தன. “எப்ப கண்டனீங்கள்?”

“கனகம், முதல்ல பேரை அனுப்பு.”

“புரட்டாதிச் சனி எண்டெல்லோ அவர் சொன்னவர். நீங்கள் அண்டைக்கு எள்ளு விளக்கு வைக்கப் போனனீங்கள்.”

“போனனான். போற வழியில மைதானம்.”

“கோயில் இந்தப் பக்கம். மைதானம் அந்தப் பக்கம்.”

கதிர்காமநாதன் கண்ணை மூடிக்கொண்டார். லிஃப்டுக்குள் மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு அங்கே பெரிதாக மூச்சும் இல்லை.

“கனகம், மணி அஞ்சாகப் போகுது. அந்தப் பிள்ளைக்கு இதுதான் கடைசி வருசம். பேரை அனுப்பு. பிறகு என்னைக் கொல்லு.”

பிறகு மேலே இருந்து ஒரு சின்ன ஒலி வந்தது. செய்தி போகும் ஒலி. ஹமீது சுவரில் சாய்ந்தார். மோகனராஜ் கீழே உட்காரப் பார்த்தார், உட்கார இடமில்லாததால் நிமிர்ந்தே நின்றார்.

“போயிட்டுது,” என்றாள் கனகேஸ்வரி. “தனுஜா எண்டு. பதில் வந்திட்டுது, சரியாம்.” பிறகு, அதே குரலில், “மைதான வாசல்ல ருக்கையா சாத்தே சுடுறவ எல்லோ?” என்றாள்.

ஹமீது பொட்டலத்தை மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“எத்தினை குச்சி?”

மோகனராஜ் பாய்ந்து விழுந்து குறுக்கே வந்தார். தன் வாழ்க்கையில் ஒரு எண்ணைச் சிறியதாக்கிச் சொல்ல முயன்றது அதுதான் முதல் தடவை. “ரெண்டு, அக்கா. ரெண்டே ரெண்டு. அதுவும் டோஃபு, சைவம். பக்கத்துல நின்னு என் கண்ணால பாத்தேன்.”

“நீ சும்மா இரு மோகன்,” என்றார் கதிர்காமநாதன். குடையைச் சுவரில் சாய்த்துவைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்வது போல.

“பந்து நாலு, கனகம். குச்சி பதினாறு, கோழி. ரெண்டும் நடந்தது.”